அம்மாவின் விருப்பப்படி

மலாக்கா
14 மார்ச் 1988

அன்புள்ள மகன் வலன்ரைனுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தோம். நீயும் மருமகள் பேர்ளியும் பிள்ளை பியட்றிஸும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் குறைந்துவிட்டதா?

கோலாலம்பூரில் எங்கள் நீலப் பிரயாணப் பத்திரத்தை அதிகாரி இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். பிரான்ஸ் அகதிகளுக்குக் கொடுக்கும் பத்திரம் அவருக்குப் புதிதாக இருந்திருக்கலாம். ஆங்கிலத்தில் கேட்டார்; ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இந்த நான்கு வருடத்தில் யாருடைய உதவியும் இல்லாமல் ஓர் அதிகாரியோடு பேசி முடித்தது இதுதான் முதல் தடவை. இதை எழுதுவது அவசியமா தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

சின்னம்மா அருள்மலர் பஸ் நிலையத்துக்கு வந்திருந்தார். அக்காவும் தங்கையும் இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு சந்திக்கிறார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எண்ணி நான் பெட்டிகளோடு ஒதுங்கி நின்றேன். சின்னம்மா சொன்ன முதல் வசனம், “என்னக்கா, உனக்கு இவ்வளவு வயசு போட்டுதே!” அம்மா விடவில்லை. “நீ மட்டும் இப்பவும் பள்ளிக்கூடம் போறியாக்கும்.” அதன் பிறகுதான் அழுதார்கள்.

சித்தப்பா விட்டுப்போன வீடு ஆற்றங்கரையில் இருக்கிறது. கீழே ஒரு சீனர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். மேலே எங்களுக்கு ஓர் அறை. யன்னலைத் திறந்தால் படகுகள்.

திரும்பும் பயணம் மே 29. பத்திரம் ஒக்டோபர் 20 வரை செல்லும். அதற்கு முன் பிரான்சில் கால் வைக்காவிட்டால் திரும்ப உள்ளே வருவது கடினம். இரண்டு திகதிகளையும் கொப்பியின் முதல் பக்கத்தில் குறித்திருக்கிறேன்.

அம்மா எல்லோரையும் சுகம் கேட்டதாக எழுதச் சொன்னார்.

அன்புள்ள அப்பா,
ச. அம்புறோஸ்


பரிஸ், ரூ லூயி-பிளாங்
27 மார்ச் 1988

அன்புள்ள அப்பா, அம்மா இருவருக்கும்,

நாங்கள் மூவரும் நலம். குளிர் போவதாகத் தெரியவில்லை. பியட்றிஸுக்குக் கொஞ்சம் இருமல், பயப்பட ஒன்றுமில்லை. எனக்கு ரெஸ்ரோரண்டில் இப்போது மத்தியானமும் இரவும் வேலை.

பியட்றிஸ் அப்பம்மாவின் கட்டிலில் ஏறியிருந்துகொண்டு அப்பம்மா எங்கே என்று பிரெஞ்சில் கேட்கிறாள். “தமிழிலை கேள், சொல்லுறன்” என்று பேர்ளி சொன்னால், “நோன்” என்கிறாள். அவ்வளவுதான் பேச்சு.

நீங்கள் புறப்பட்ட அன்று, “இரண்டு மாதமாவது குசினி முழுக்க எனக்குக் கிடைக்கும்” என்று பகிடி விட்ட பேர்ளி, இப்போது உப்பு எங்கே, புளி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறாள். லா சப்பலில் கடைக்கார வரதராசா அண்ணை அம்மாவை விசாரித்தார். “அம்மா இல்லாமல் என்ரை கத்தரிக்காயை ஆரும் குறை சொல்லுறாங்களில்லை. யாவாரமே உப்புச்சப்பில்லாமல் கிடக்குது” என்றார்.

சின்னம்மா வீட்டில் ரெலிபோன் இல்லாததுதான் கரைச்சல். ஆறுதலாக இருந்து ஊரைப் பார்த்துவிட்டு வாருங்கள். சின்னம்மாவுக்கும் எங்கள் அன்பு.

மகன்,
வலன்ரைன்


மலாக்கா
19 ஏப்ரல் 1988

அன்புள்ள மகனுக்கு,

இருவரும் சுகம். பியட்றிஸின் இருமல் மாறிவிட்டதா என்று அம்மா தினமும் கேட்கிறார். உன் கடிதத்தை வழக்கம்போல் வாசித்துக் காட்டினேன். அம்மா மீன் துப்புரவாக்கியபடி கேட்டார். கத்தரிக்காய் வந்த இடத்தை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

எங்கள் நாட்கள் இப்படிப் போகின்றன. காலை ஆறரைக்கு வீட்டிலிருந்து இறங்குகிறோம். கடைகளின் முன்னால் கூரை போட்ட ஒடுங்கிய நடைபாதை இருக்கிறது. அதை இங்கே அஞ்சடி என்கிறார்கள். இருவர் சேர்ந்து நடக்க முடியாது. முப்பத்தெட்டு வருடமாக நான் முன்னால், அம்மா பின்னால். இங்கே முதல் நாள் குறுக்கே படுத்திருந்த நாயைக் கண்டு நான் தயங்க, அம்மா அதைத் தாண்டிக்கொண்டு முன்னே போய்விட்டார். அன்று முதல் அதே ஒழுங்கில் நடக்கிறோம்.

ஆற்றைக் கடந்து, சிவப்பு நிற ஒல்லாந்தர் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள குன்றில் ஏறுகிறோம். உச்சியில் கூரையில்லாத பழைய தேவாலயம். சுவரோரம் ஒல்லாந்தரின் கல்லறைக் கற்களைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் லத்தீன். முப்பது வருடம் படிப்பித்த மொழி. அதைக் கேட்பார் இன்று யாருமில்லை. ஒரு நாளைக்கு ஒரு கல் என்று கொப்பியில் பிரதி எடுக்கிறேன். அதுவரை அம்மா மதிலில் இருந்து கப்பல்களை எண்ணுவார். “முடிஞ்சுதோ? செத்தவன் எங்கை ஓடப்போறான், நாளைக்கும் இருப்பான்” என்பார். திரும்பும் வழியில் கோப்பிக் கடை. கடைக்காரர் என்னை “சேர்” என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்.

இங்குள்ள யாழ்ப்பாணத்தார் சங்கத்தில் நானூறு புத்தகங்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன. வகைப்படுத்தித் தர முடியுமா என்று செயலாளர் யோன் கேட்டார். இரண்டு நாள் யோசித்து ஓம் என்றேன். சரியாகச் செய்வேனோ தெரியாது.

போன கிழமை அம்மா பியட்றிஸுக்கு இரண்டு சட்டை வாங்கி, “போய் இறங்கேக்கை இது அளவாயிருக்கும்” என்று பெட்டியில் வைத்தார்.

ஒரு விஷயம். அம்மா தங்கைச்சியோடு இன்னும் ஒரு மாதம் நிற்க ஆசைப்படுகிறார். அம்மாவின் விருப்பம் என்பதால் நான் மறுக்கவில்லை. உனக்கு ஆட்சேபம் இருந்தால் எழுது.

மருமகளுக்கும் பிள்ளைக்கும் எங்கள் இருவரின் ஆசீர்.

அப்பா


பரிஸ்
2 மே 1988

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இருமல் போய்விட்டது.

அம்மா விரும்பினால் நிற்கட்டும். எங்களுக்கு அவ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது, ஆனாலும் தங்கைச்சியை இனி எப்போது பார்க்கப்போகிறா. உடம்புக்கு ஏதும் சுகமில்லையா? மறைக்காமல் எழுதுங்கள்.

மாமி தன் கையால் இரண்டு வரி எழுதினால் நல்லது என்று பேர்ளி கேட்கச் சொன்னாள். நீங்கள் எழுதுவதில் அம்மாவின் குரல் கேட்கவில்லையாம். அவளுடைய கதையைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

அன்பு மகன்,
வலன்ரைன்


மலாக்கா
12 ஜூன் 1988

அன்புள்ள மகனுக்கு,

கர்த்தர் கிருபையால் எங்கள் இருவருக்கும் ஒரு நோயும் இல்லை. அம்மாவின் உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே. காலைக்குக் காலை குன்றில் ஏறுகிறார், மூச்சு வாங்குவது எனக்குத்தான்.

கையெழுத்துக் கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்குச் சின்னம்மாவோடு சமையலிலும் பூசைக்குப் போவதிலும் நேரம் போய்விடுகிறது. பிறகு எழுதுவார்.

சங்கத்தில் இருநூற்றுப் பதினைந்து புத்தகங்கள் முடிந்தன. மாலையில் சிலர் வந்து அது எங்கே, இது எங்கே என்று கேட்கிறார்கள். எடுத்துக் கொடுக்கிறேன்.

பயணத்தைச் செப்டெம்பருக்கு மாற்றியிருக்கிறோம். இங்கே நிற்கும் அனுமதியை நீடிக்க யோன் ஒழுங்கு செய்து தந்தார். ஏன் என்று நீ கேட்பாய். அம்மா வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் அங்கே குசினி சிறியது, இரண்டு பெண்களுக்கு அதில் இடமில்லை என்ற எண்ணம் அவருக்கு இருக்கிறது போலும். இதை மருமகளிடம் சொல்லவேண்டாம். நீ உன் மனதோடு வைத்துக்கொள்.

அம்மா உங்கள் மூவருக்காகவும் செபிக்கிறார்.

அப்பா


பரிஸ்
30 ஜூலை 1988

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

கடிதம் கிடைத்து ஐந்து கிழமைக்கு மேலாகிறது. வேலை கூட. வெயிலும் கூட.

அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். காரணம் எனக்குத் தெரியும். சொன்னவர் பகிடியாகச் சொன்னாலும் கேட்டவருக்கு அது பகிடியாக இருந்திருக்காது. நான் அன்றே கண்டித்திருக்க வேண்டும். இப்போது கண்டித்துவிட்டேன். வீடு அமைதியாக இருக்கிறது.

பத்திரத்தின் திகதியை மறக்க வேண்டாம்.

வலன்ரைன்


மலாக்கா
20 ஆகஸ்ட் 1988

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் சுருக்கமாக இருந்தது. மருமகளின் பெயரும் பிள்ளையின் பெயரும் அதில் இல்லை. அவசரத்தில் விடுபட்டிருக்கலாம் என்று எண்ணுகிறேன். யாரைக் கண்டித்தாய், எதற்கு என்று விளங்கவில்லை. விளங்குகிறது போலவும் இருக்கிறது. அப்படியானால் அது தேவையில்லாத காரியம்.

உன் மன்னிப்பை அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒக்டோபருக்குப் பிறகும் இங்கே நிற்க வழியிருக்கிறதா என்று யோன் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அப்படி நின்றால் பிரான்சுப் பத்திரம் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. அம்மாவின் மனம் அப்படி இருக்கிறது.

மழை தொடங்கிவிட்டது. உடம்பைக் கவனி.

அப்பா


ஓல்னே-சூ-புவா
28 ஆகஸ்ட் 1988

அன்புள்ள மாமிக்கு,

நீங்கள் நல்ல சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். பியட்றிஸும் நானும் சுகம். உறையில் மாமாவின் பெயரை எழுதாமல் உங்கள் பெயரை எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இதை நீங்களே வாசிக்க வேண்டும்.

விலாசத்தைப் பார்த்திருப்பீர்கள். நான் பிள்ளையோடு என் அண்ணன் பேனாட் வீட்டுக்கு வந்து ஆறு கிழமை. நீங்கள் என் குசினியில் இடமில்லை என்றுதான் திரும்பி வரவில்லை என்று மாமா எழுதியிருக்கிறார். அதை வாசித்த நாள்முதல் உங்கள் மகன் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. “என்ரை தாயைத் துரத்தினவள் நீ” என்று பிள்ளைக்கு முன்னால் சொன்னார். அதன் பிறகு அங்கே இருக்க எனக்கு மனமில்லை.

மாமி, நான் சொன்னது பகிடி. நீங்களும் சிரித்தீர்கள். வாசலில் நின்று, “குசினியை வைச்சிரும், ஆனால் என்ரை அம்மியிலை கை வைச்சீரோ தெரியும்” என்று சொன்னது நீங்கள்தானே. அந்தச் சிரிப்பு பொய்யா? பொய் என்றால் சொல்லுங்கள், காலில் விழுகிறேன். பொய் இல்லை என்றால் உங்கள் மகனுக்கு அதை எழுதுங்கள். செப்டெம்பரில் பியட்றிஸைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். இங்கேயா, அங்கேயா என்று எனக்குத் தெரியவேண்டும்.

உங்கள் மருமகள்,
பேர்ளி


மலாக்கா
11 செப்டெம்பர் 1988

பிள்ளை பேர்ளிக்கு மாமி எழுதுறது,

நான் சுகம். நீரும் பிள்ளையும் சாப்பிட்டுக் குடிச்சுச் சுகமா இருக்கவேணும். என்ரை எழுத்து வடிவில்லை, பழக்கம் விட்டுப்போச்சு.

உம்முடைய கடிதம் வந்த அண்டு மாமா அதை மேசையிலை வைச்சுப் பாத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தார். பிறகு குசினிக்கு வந்து, “உமக்கு ஒரு கடிதம்” எண்டார். “வாசியுங்கோ” எண்டன். “இது உம்முடைய பேரிலை வந்தது, நீர்தான் திறக்கவேணும்” எண்டார். மனுசன் செய்த ஒரு நல்ல காரியம் அது.

பிள்ளை, இஞ்சை நிக்கவேணும் எண்டு நான் ஒரு நாளும் சொல்லேல்லை. மே மாதம் பெட்டி கட்டிப்போட்டு இருந்தனான். அப்ப வலன்ரைனின்ரை கடிதம் வந்தது. “வீட்டிலை இடம் நெருக்கம், கொஞ்ச நாள் அங்கை நிண்டால் நல்லது எண்டு மகன் எழுதியிருக்கிறான்” எண்டு மாமா வாசிச்சார். நான் மீனை விட்டிட்டுப் போய்க் கட்டிலிலை இருந்தன். பெத்த பிள்ளைக்குப் பாரமாப் போனன் எண்டு நினைச்சன். நானே எடுத்து வாசிச்சிருக்கலாம், வாசிக்கத் தெரியாதவள் இல்லை. முப்பத்தெட்டு வருசம் அவர் வாசிக்க நான் கேட்டது. அது பழக்கம்.

நேற்று எல்லாக் கடிதத்தையும் எடுத்து நானே வாசிச்சன். “ஏன்?” எண்டு கேட்டன்.

உம்முடைய பகிடி பகிடிதான். நான் சிரிச்சது சிரிப்புத்தான். இப்ப அருள்மலரோடை ஒரு அடுப்பிலை ஆறு மாதம் நிண்டாப்போலை உம்முடைய குசினி எனக்கு மடுக்கோயில் முற்றம் மாதிரிப் பெரிசாத் தெரியுது. சம்பலுக்குச் சீனி போடுறாள், கேட்டால் மலாயாப் பழக்கமாம்.

ஒக்டோபர் 12 காலமை நான் வந்து இறங்குவன். மாமா வாறாரோ தெரியாது, கேட்டிருக்கிறன். வீட்டுக்குத் திரும்பிப் போம் எண்டு உமக்குச் சொல்லமாட்டன். என்னட்டை ஒரு வார்த்தை கேளாமல் உம்மோடை கோவிச்சவன் என்ரை மகன். அவனே வந்து கூப்பிடட்டும். அப்பிடித்தான் அவனுக்கும் எழுதியிருக்கிறன்.

பிள்ளைக்கு முத்தம்.

மாமி,
மரியமலர்


மலாக்கா
16 செப்டெம்பர் 1988

அன்புள்ள மருமகள் பேர்ளிக்கு,

நீரும் பியட்றிஸும் நலமாயிருக்க வேண்டும். உமக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதன் பிரதி ஒன்றை வலன்ரைனுக்கும் அனுப்புகிறேன்.

நான் அனுப்பும் கடிதங்களைக் கொப்பியில் பிரதி எடுத்து வைப்பது உமக்குத் தெரியும். அதைப் பார்த்துத் திருத்தங்களை எழுதுகிறேன்.

ஏப்ரல் 19: “அம்மா தங்கைச்சியோடு இன்னும் ஒரு மாதம் நிற்க ஆசைப்படுகிறார்.” மாமி அப்படிச் சொல்லவில்லை. ஆசைப்பட்டது நான்.

மே மாதம் வலன்ரைனின் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது, வீடு வெறிச்சென்று இருக்கிறது என்ற வரியை விட்டுவிட்டு, இடம் நெருக்கம் என்று சேர்த்து வாசித்தேன். மாமி எழுந்து போனதைக் கண்டேன். கண்டும் திருத்தவில்லை. நான் செய்தவற்றில் இதுவே மிகவும் கெட்டது என்று எண்ணுகிறேன்.

ஜூன் 12: “குசினி சிறியது.” முழுவதும் என்னுடையது. கேள்வி எழாத ஒரு காரணம் தேவைப்பட்டது. இரண்டு பெண்களையும் ஒரு குசினியையும் சொன்னால் ஆண்கள் மேலே கேட்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். உம்முடைய பகிடி அப்போது எனக்கு நினைவில் இல்லை. இருந்திருந்தாலும் எழுதாமல் விட்டிருப்பேன் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 20: “உன் மன்னிப்பை அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.” நான் சொல்லவேயில்லை. ஒக்டோபருக்குப் பிறகும் நிற்பது பற்றி எழுதியதும் மாமி அறியாதது.

ஏன் என்று மாமி கேட்டதற்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன். பரிஸில் நான் ஊமை. பிரெஞ்சுப் பத்திரிகையை வாசித்தால் முக்கால்வாசி விளங்கும். வாய் திறந்தால் ஒரு வசனம் வராது. பாண் கடையில் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் பின்னால் நின்றவருக்கு இடம் விட்டு வெளியே வந்திருக்கிறேன், பல நாள். பியட்றிஸ் பிரெஞ்சில் கேட்பாள், மாமி தமிழில் பதில் சொல்லுவார், இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் இலக்கணம் பார்த்து ஒரு வசனத்தை அமைத்து முடிப்பதற்குள் பிள்ளை எழுந்து போயிருக்கும். இங்கே நான் கேட்பது மற்றவர்களுக்கு விளங்குகிறது. அவ்வளவுதான். எனக்கு இங்கே நிற்க விருப்பம் என்று எழுதினால் ஏன் என்று கேட்பீர்கள். அம்மாவுக்கு விருப்பம் என்றால் யாரும் கேட்பதில்லை. அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒளிந்துகொண்டதற்கு வெட்கப்படுகிறேன்.

நேற்று மாமி பெட்டி அடுக்கினார். பியட்றிஸுக்கு வாங்கிய சட்டைகள் இரண்டையும் எடுத்துப் பார்த்து, “இனி இது அவளுக்கு அளவு காணாது” என்று சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டார். பிறகு என் முன்னால் வந்து நின்றார்.

“நீங்கள் நிக்கிறீங்களோ, வாறீங்களோ? உங்கடை வாயாலை சொல்லுங்கோ.”

“வாறன்” என்றேன்.

“நான் கேட்டனான் எண்டு எழுதிப்போடாதேங்கோ.”

“இல்லை.”

“நிக்கவேணுமெண்டால் நில்லுங்கோ. நான் போறன், அவ்வளவுதான். கோவமில்லை.”

அவர் அதை மெய்யாகவே சொன்னார். அதனால் நான் மறுபடியும் யோசித்தேன். இங்கே நிற்க எனக்கு விருப்பம், அது மாறவில்லை. ஆனால் உம்மைப் பற்றி நான் எழுதியதை இங்கிருந்து கடிதத்தில் மட்டும் திருத்திவிட்டு இருந்துவிட முடியாது என்று தோன்றியது. சங்கத்தில் இன்னும் அறுபது புத்தகங்கள் இருக்கின்றன. முறையை ஒரு தாளில் எழுதி யோனிடம் கொடுத்துவிட்டேன்.

ஒக்டோபர் 12 காலை இருவரும் வந்திறங்குவோம். பதின்மூன்றாம் திகதி மத்தியானம் நான் ஓல்னேக்கு உம்மைப் பார்க்க வருவேன். வலன்ரைன் என்னோடு வரமாட்டான். அவன் உம்மிடம் வருவது அவனுடைய அலுவல், அதற்கு நான் துணை போகக்கூடாது. கார் டு நோர் நிலையத்தில் டிக்கெற் நானே கேட்டு வாங்குவேன். பிழையாக ஏறிவிட்டால் இறங்கித் திரும்பி ஏறுவேன். ஆகவே நேரம் சொல்ல முடியவில்லை.

கதவைத் திறப்பது உம்முடைய விருப்பம். திறக்காவிட்டால் வெள்ளிக்கிழமையும் வருவேன், சனிக்கிழமையும் வருவேன். அங்கே எனக்கு வேறு அலுவல் இல்லை.

மாமா,
ச. அம்புறோஸ்